குற்றாலத்தில் ரிசார்ட் ரூம் போடுகிறவர்கள் கவனத்துக்கு: கவுண்டரில் "அப்கிரேடு" என்றால் உடனே பணம் கட்டாதீர்கள்

சாரல் சீசனுக்குக் குற்றாலம் போய், நீர்ச்சறுக்கு, அலைக்குளம் எல்லாம் உள்ள ரிசார்ட்டில் குடும்பத்தோடு தங்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, வயசான அம்மா அப்பாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக. சாவி வாங்கும் நேரத்தில் "கொஞ்சம் கூடக் குடுத்தா இதைவிட நல்ல ரூம்" என்பார்கள். எங்களிடம் அப்படிச் சொல்லித்தான் பணத்தைக் கறந்தார்கள்.

போன அரையாண்டு லீவில் நடந்தது. நாங்கள் பாளையங்கோட்டை. ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகப் போய்த் தென்காசியைத் தொடும்போதே மலை முழுக்க மேகம். ராத்திரி பெய்த மழையில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் வெள்ளம், குளிக்கத் தடை. லீவுக் கூட்டம், ஐயப்ப சாமிமார் கூட்டம் இரண்டும் சேர்ந்த நேரம் அது. தடை போட்டுவிட்டால் அருவிக்கென்று வந்த குடும்பங்கள் பிள்ளைகளைச் சமாதானப்படுத்த இந்த மாதிரி பார்க் உள்ள இடங்களுக்குத்தான் திரும்பும். இது ரிசார்ட்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் முன்கூட்டியே ஃபோனில் பேசி, முன்பணம் அனுப்பி வைத்திருந்தது கீழ்த்தளத்தில் ஒரு ஃபேமிலி ரூம். வாடகை ஒரு நாளைக்கு 5,200 ரூபாய். கீழ்த்தளம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியது அம்மாவின் முழங்காலுக்காக.

போய் நின்றால் கவுண்டரில் இருந்த தம்பி சொல்கிறார்: "அண்ணாச்சி, அந்த ரூம் ரெடியாக இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். பிரீமியம் ரூம் ஒண்ணு இப்பமே இருக்கு. ரெண்டாயிரத்து அறுநூறுதான் கூட. ஜன்னலைத் தொறந்தா அருவி. பிள்ளைகளுக்கு ரைடுல வரிசையில நிக்காமப் போறதுக்குக் கைப்பட்டை உண்டு. மூணாவது மாடிதான், ஆனா லிஃப்ட் இருக்கு, அம்மாவுக்குக் கஷ்டமே இல்லை."

ரூமைப் பார்க்கலாமா என்று கேட்டேன். க்ளீனிங் நடக்கிறதாம். வரி, வேறு ஏதும் உண்டா என்று கேட்டேன். "எல்லாம் சேத்துத்தான் அண்ணாச்சி" என்றார். பின்னாலேயே வேறொரு குடும்பம் அதே ரூமுக்குக் காத்திருப்பதாகவும் சொன்னார். பிள்ளைகள் பசியில் சிணுங்க, அம்மா சோபாவில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, பணத்தை ஜிபே பண்ணினேன்.

லிஃப்ட் வாசலில் ஒரு அட்டை தொங்கியது. "பழுது". அன்றைக்கு எழுதிய அட்டை இல்லை அது. ஓரமெல்லாம் மடங்கி, மை வெளுத்து, கட்டியிருந்த நூல்கூடக் கறுத்துப்போயிருந்தது. லிஃப்ட் ஓடவில்லை என்பது அந்தத் தம்பிக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை. அம்மா கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்று ஏறினாள். "எய்யா, எனக்குக் கீழயே ஒரு பாயைப் போட்டுத் தந்தாப் போதுமே" என்றாள். கீழே வந்து கேட்டால், அதற்குள் எங்கள் பழைய ரூமை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. ரெண்டு மணி நேரம் ஆகும் என்ற ரூம்! அம்மா அன்றைக்குச் சாயங்காலம் கீழே இறங்கவே இல்லை. பேரப்பிள்ளைகள் தண்ணீரில் ஆடுவதைப் பார்க்கத்தான் அவள் வந்தாள். பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன், இதை என்னால் விட முடியவில்லை.

ஜன்னலைத் திறந்தால் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக. அதற்குக் கீழே ஜெனரேட்டரின் புகைக்குழாய். இரண்டு தொட்டிக்கு நடுவே தெரிந்த சந்தில் மேகம். ரூம் பையனைக் கேட்டால், மேகம் விலகினால் அருவி தெரியும் என்கிறான். நம் ஊர்க்காரர்கள் யோசித்துப் பாருங்கள்: குற்றாலத்தில் அருவி கொட்டுவது மலையில் மழை பெய்யும்போது. அப்போது மலையை மேகம் மூடிக்கிடக்கும். வானம் வெளுத்து மலை பளிச்சென்று தெரிகிற மாதங்களில் பாறைதான் தெரியும், தண்ணீர் இருக்காது. தூரத்து ரிசார்ட் ஜன்னலிலிருந்து "அருவி வியூ" என்று யாராவது காசு கேட்டால், அங்கேயே மறுத்துவிடுங்கள். அருவியைப் பார்க்க அருவிக்கரைக்குப் போனால் போதும், காசே இல்லை.

அப்புறம் அந்தக் கைப்பட்டை. கவுண்டரில் கேட்டு வாங்கி, மறுநாள் பார்க் திறந்ததும் போனோம். பெரிய சறுக்குகளுக்கெல்லாம் உயரக் கட்டுப்பாடு உண்டு, சுவரில் கோடு போட்டிருப்பார்கள். என் இளைய மகள் அந்தக் கோட்டுக்குக் கீழே. பட்டை இருந்தாலும் ஏற விடமாட்டார்கள், அது பாதுகாப்புக்கான விதி, சரிதான். ஆனால் பணம் வாங்கும்போது பிள்ளைகளின் வயதைக்கூட யாரும் கேட்கவில்லை. பெரியவனோடு சறுக்குப் பக்கம் நிற்கும்போது கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். அவர்கள் கையிலும் அதே பட்டை. "நீங்களும் பிரீமியமா?" என்று கேட்டேன். "இல்ல அண்ணாச்சி, சாதா ரூம்தான். சாவி தரும்போதே இதையும் தந்துட்டாங்க" என்றார் அந்த அம்மா. தங்குகிற எல்லாருக்கும் சும்மா கொடுப்பதை எங்களுக்கு விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

வெளிநாட்டிலும் இதைக் கவனித்தே ரூம் போட வேண்டும் என்று அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் சொன்னார். ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில், டிஸ்னியின் எந்த ஹோட்டலில் தங்கினாலும், எவ்வளவு மலிவான ரூம் என்றாலும், பார்க்குக்குள் அரை மணி நேரம் முன்னாடியே போகலாம். அதே ஊரில் யுனிவர்சல் என்ற இன்னொரு கம்பெனியின் பார்க்குகளில், போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் என்ற மூன்று ஹோட்டல்களில் தங்கினால் பழைய இரண்டு பார்க்குகளுக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ், அதாவது நீண்ட வரிசையில் நிற்காமல் போகிற சீட்டு, ரூம் வாடகையிலேயே சேர்த்தி. சாதா ரூமுக்கும் அதேதான், பெரிய சூட்டுக்கும் அதேதான். சலுகை ஹோட்டலுக்கு உரியது, ரூமின் தரத்துக்கு அல்ல. ஆகவே "இது இங்கே தங்குகிற எல்லாருக்கும் உண்டா, இந்த ரூமுக்கு மட்டுமா?" என்று கேளுங்கள்.

இனி பணக் கணக்கு. இதை நிதானமாகப் படியுங்கள், நிறையப் பேருக்குத் தெரியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ஹோட்டல் ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, முழு வாடகைக்கும். என் பழைய ரூம் 5,200, வரி 260, மொத்தம் 5,460. புது ரூம் 7,800, வரி 1,404, மொத்தம் 9,204. வாயால் சொன்னது 2,600, ஒரு ராத்திரிக்கு உண்மையில் கூடியது 3,744. காலி பண்ணும்போது பில்லில்தான் இது தெரிந்தது. 2,300 மட்டும் கூட்டி 7,500-ல் நிறுத்தியிருந்தால் வரியோடு 7,875தான் வந்திருக்கும். கடைசி 300 ரூபாய்க்காக 1,329 ரூபாய் போனது. வரி அரசாங்கத்துக்குப் போகிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. கேட்ட பிறகும் "எல்லாம் சேத்துத்தான்" என்று பொய் சொன்னார்களே, அதுதான் மோசடி.

சாப்பாட்டு பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிட்டார்கள்.

கூடக் கொடுத்து ரூம் மாற்றுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. பார்க் உள்ள இடத்தில் பகல் முழுக்க வெளியேதான் இருப்போம், ரூமுக்கு வருவது குளிக்கவும் படுக்கவும். ஜன்னல் காட்சிக்கும் பெரிய டிவிக்கும் கொடுக்கிற காசு அங்கே பயன்படாது. வயசானவர்களுக்குக் கீழ்த்தளம், கைப்பிடி வைத்த பாத்ரூம், எந்நேரமும் வெந்நீர், பிள்ளைகளோடு நெருக்கிப் படுக்காமல் இன்னொரு கட்டில், இதற்கெல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். கொடுக்கும் முன்பு ரூமுக்குள் போய்ப் பாருங்கள். லிஃப்டில் ஒரு தடவை ஏறி இறங்குங்கள். வரியோடு மொத்தம் எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். பழைய ரூமை அதுவரை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஊருக்கு வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். லிஃப்ட் அட்டை, ஜன்னல் இரண்டின் ஃபோட்டோவும் பில்லும் கையில் இருந்தன. சில நாளில் ரிசார்ட்டிலிருந்து கூப்பிட்டு, அடுத்த தடவை வந்தால் ஒரு ராத்திரி இலவசம் என்றார்கள். வேண்டாம், கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். தராவிட்டால், ஆன்லைனில் நுகர்வோர் வழக்குப் போடுவதற்கான அரசின் இ-ஜாக்ரிதி தளம் வழியாக நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ரிசார்ட் தென்காசி மாவட்டத்தில் இருந்தாலும், நாம் குடியிருக்கிற திருநெல்வேலியிலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

விஷயம் நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. குற்றாலம் பக்கம் இதே மாதிரி "அருவி வியூ" ரூமுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குத் தகவல் அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.