பிறந்தநாள் பேக்கேஜ் எடுக்கிறவர்கள் கவனத்திற்கு: சமைக்கிறவர் யார் என்று கேளுங்கள்

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், கோல சிலாங்கூர் பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். "ஃபர்ஸ்ட் பர்த்டே, 80 பேர், எல்லாம் சேர்த்து 2,200 வெள்ளி (ரிங்கிட்)" என்று ஃபேஸ்புக்கில் ஓடிய ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் மகளின் விருந்தை ஏற்பாடு செய்தோம். அன்றைக்குச் சாப்பாட்டு வேன் மண்டப வாசலுக்கு வந்து நின்றது. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. புகார் கொடுத்திருப்பதால் ஆள் பெயரைப் போட முடியாது. எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சொல்லலாம்.

வீட்டுக்காரருக்கு செம்பனை ஆலையில் வேலை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆகிவிட்டது, சரிதான். பால் மாவும் பேம்பர்ஸும் காடி (கார்) தவணையும் சேர்ந்தே ஏறிவிட்டன. காலையில் கோயிலில் மொட்டை, காது குத்து. சாயங்காலம் அங்கேயே மண்டபத்தில் கேக் வெட்டிச் சாப்பாடு. மொத்தம் 3,000 வெள்ளிக்குள் முடிக்க வேண்டும், கடன் வாங்கக்கூடாது என்று முதலிலேயே பேசிவிட்டோம். பேக்கேஜில் பிரியாணி, கோழிப் பிரட்டல், சைவ மீகூன், பேக்டிராப், பலூன், 2 கிலோ கேக், விருந்தாளிகளுக்குக் கொடுத்தனுப்ப 80 டோர் கிஃப்ட் எல்லாம் இருந்தன.

விளம்பரம் போட்ட ஏஜென்டுக்குப் பாதிப் பணம் முன்பணமாகப் போட்டோம். விசேஷத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "சிஸ்டர், இன்னைக்கே முழுசா கட்டிட்டா 100 வெள்ளி கழிச்சுக்கிறேன்" என்று மெசேஜ். ஆக 2,100 கட்டி முடித்தாயிற்று. பணம் போன கணக்கு வேறொரு பெண் பெயரில் இருந்தது. கேட்டதற்கு மனைவி என்றார். மோசடிக் கணக்கா என்று பார்க்க போலீஸ் நடத்தும் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டும் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. யாராவது போலீஸில் புகார் கொடுத்திருந்தால்தான் அதில் காட்டும், அவ்வளவுதான் அதன் பலம்.

அன்று மதியம் ஜோடனை செய்ய ஒரு பையன் தனியாக வந்தான். நாங்கள் தேர்ந்தெடுத்த பேக்டிராப்பில் பாதி அகலம்கூட இல்லை. "அக்கா, எனக்கு அவர் கொடுத்தது 300. அதுக்கு இதான் வரும்" என்று போனில் காட்டினான். அவன்மேல் குறை சொல்ல மாட்டேன், ஏணி பிடிக்கக்கூட ஆள் இல்லாமல் வியர்த்து விறுவிறுக்க வேலை செய்தான். கேக் ஒரு கிலோ, மகள் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம். (ருசி நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.) டோர் கிஃப்ட் வரவே இல்லை.

ஆறரைக்குச் சாப்பாட்டு வேன் வந்தது. சமையல்காரப் பெரியவர் இறங்கி வந்து என் வீட்டுக்காரரிடம், "தம்பி, பாக்கி 760 கொடுத்தீங்கன்னா சாமான இறக்கிருவேன்" என்றார். தலை சுற்றியது. ஒரு தலைக்கு 12 வெள்ளி, 80 பேருக்கு 960. ஏஜென்ட் அவருக்குக் கொடுத்தது 200. மிச்சத்தைப் பார்ட்டிக்காரர்கள் மண்டபத்தில் கொடுப்பார்கள் என்று வாட்சாப்பில் எழுதியே அனுப்பியிருக்கிறார். எங்களிடம் முழுசாக வாங்கிவிட்டு, சமையல்காரரிடம் இனிமேல்தான் கட்டுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது வாசலில்தான், அதுவும் விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகு. அந்த நேரத்தில் யார் சண்டை போடுவார்கள்? அந்த 760-ஐக் கொடுக்க, குழந்தை கையில் கொடுத்த ஆங்பாவ் (அன்பளிப்புப் பணம்) உறைகளை மண்டபத்துக்குப் பின்னால் பிரித்து எண்ணியது என் மாமியார்.

ஏஜென்டுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மறுநாள் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "சாப்பாடு வந்துச்சு, சாப்பிட்டாச்சு, இன்னும் என்ன சிஸ்டர்?" அதோடு பிளாக்.

எனக்கு ஆத்திரம் இந்தக் கணக்கில்தான். சாப்பாடு 960, ஜோடனை 300, கேக்குக்கும் கிஃப்டுக்கும் தாராளமாக 280 வைத்தாலும் 1,540. ஒழுங்காகச் செய்திருந்தாலே அவருக்கு 500 வெள்ளிக்கு மேல் நின்றிருக்கும். என் நாத்தனார் அவள் வீட்டு விசேஷத்துக்கு ஆட்களைத் தனித்தனியாகப் பிடித்தாள்: சாப்பாடு தாமானில் (குடியிருப்பில்) சமைக்கும் ஆன்டியிடம், பலூனும் தோரணமும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளில். 1,500-ஐத் தாண்டவில்லை. பேக்கேஜ்தான் வேண்டும் என்றால் சமைக்கிறவர் நம்பரை முன்பே வாங்கி, "உங்களுக்கு எவ்வளவு வந்தது, பாக்கி யார் தருவது?" என்று நேரடியாகக் கேளுங்கள். நம்பர் தர மறுக்கிறவரிடம் பணம் போடாதீர்கள்.

பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட் எழுதிக்கொண்டார்கள். பாதிச் சேவை வந்துவிட்டதால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். (மொத்தமாக ஏமாற்றி ஓடிவிட்டால், பணம் போன கையோடு மோசடிப் புகார் எண் 997-க்கு அடியுங்கள். தாமதித்தால் கணக்கில் ஒன்றும் இருக்காது.) நடுவர் மன்றத்தில் பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பு வந்து 14 நாளில் பணம் கட்டாவிட்டால் அது குற்றம். எங்களுக்கு இடித்தது ஒன்றுதான்: எதிர்த்தரப்பின் முகவரி. அவர் கொடுத்த ரசீதில் படம் மட்டும் இருந்தது; கம்பெனி பதிவு எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை. கடைசியில் அந்த ஜோடனைப் பையன்தான் சாமான் எடுக்கப் போன கடையின் முகவரியைக் கொடுத்தான். விசாரணைத் தேதி கிடைத்துவிட்டது.

இதற்கிடையே அந்த ஏஜென்ட் வேறொரு பெயரில் புதுப் பக்கம் திறந்திருக்கிறார். இந்தத் தடவை "காது குத்து ஸ்பெஷல்", 1,999 வெள்ளி. படங்களை நாத்தனார் மகன் கூகுளில் தேடிப் பார்த்தான், எல்லாம் இந்தியாவில் யாரோ செய்த ஜோடனைகள். உங்களில் யாராவது ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதையும் வாட்சாப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், முகவரி என்னிடம் இருக்கிறது.