டர்போ வீரா: 230 குதிரையும் இரண்டு முன் டயரும்

மலேசியாவில் பேராக்கில் இருக்கும் எங்கள் பீடோரில் பழகிய தம்பி ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "அண்ணே, டர்போ போட்ட புரோட்டோன் வீரா கார் ஒன்னு பார்த்து வச்சிருக்கேன். டைனோவுல (சக்தியை அளக்கும் உருளை மேடை) 230 குதிரை வந்துச்சாம். எடுக்கலாமா?" அதே வாரத்தில்தான் என் வீராவும் கியர்பாக்ஸ் பேரிங் மாற்றி ஈப்போ பட்டறையிலிருந்து திரும்பியிருந்தது. அவருக்கு இரண்டு வரியில் பதில் போட எனக்கு மனம் வரவில்லை. இந்த வகைக் காரில் இஞ்சின் எவ்வளவு தருகிறது என்பதைவிட, முன் டயர் எவ்வளவு வாங்கிக்கொள்கிறது என்பதே பெரிய விஷயம். அதை இந்தப் பழுது எனக்கு மறுபடியும் காட்டிவிட்டது.

காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1.6 வீரா உடம்பு. ஹாஃப்கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய கார்) எடுத்த மிட்சுபிஷி 4ஜி93 டர்போ இஞ்சின், 1,834 சிசி. முன்சக்கர இழுவை, 195/50 ஆர்15 டயர். நான் வாங்கும்போதே இஞ்சின் மாற்றம் கிராண்டில் (காரின் பதிவுப் பத்திரம்) ஏறியிருந்தது, புஸ்பாகோம் வாகனச் சோதனையும் முடிந்திருந்தது. அந்தப் பத்திரம் சரியில்லாத காரைத் தம்பி திரும்பியும் பார்க்க வேண்டாம்.

இதே இஞ்சின் ஜப்பானில் லான்சர் ஜிஎஸ்ஆரில் வந்தபோது 195 பிஎஸ் (குதிரை) சக்தியும் 270 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (முறுக்கு விசையும்) கொடுத்தது. ஆனால் அங்கே அது நான்கு சக்கரத்துக்கும் போனது. நடுவில் ஒரு டிஃப் (டிஃபரென்ஷியல், சக்தியைப் பங்கிடும் பல்சக்கரத் தொகுதி), அதோடு நழுவலைக் கட்டுப்படுத்த விஸ்கஸ் கப்ளிங் என்ற இணைப்பு வைத்து முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிட்டார்கள். நம் ஊரில் அந்த இஞ்சினை வீராவில் இறக்கும்போது, பின் டிஃப், பின்னால் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாப்ட், அடித்தகடு வெட்டும் வேலை எல்லாம் செலவு என்று பெரும்பாலும் பின்பாதியை விட்டுவிடுகிறோம். நான்கு டயர் சுமக்க வேண்டியதை இரண்டு டயர் சுமக்கிறது.

ஒரு கணக்குப் போட்டால் விஷயம் புரியும். என்னையும் சேர்த்துக் கார் 1,150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்சக்கரங்களின் மேல் இருக்கும். காலை அழுத்தியதும் எடை பின்னால் போய்விடுகிறது. இழுக்க வேண்டிய டயர் இழுக்க வேண்டிய நேரத்தில் லேசாகிறது. சக்கர இடைத்தூரம் 2.5 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்று எடுத்தால், நல்ல காய்ந்த தாரில் முன் டயர் இரண்டும் சேர்ந்து தாங்குவது சுமார் 5,200 நியூட்டன். இரண்டாம் கியரில் 270 முழுவதும் வந்தால் டயருக்குப் போவது 6,000-ஐத் தொடுகிறது. அதாவது காய்ந்த ரோட்டிலேயே இரண்டாம் கியரில் டயர் சுற்றும். மழையில் பிடிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தால் தாங்குவது சுமார் 2,800 தான். அப்போது மூன்றாம் கியரே 4,000-க்கு மேல் தள்ளுகிறது. இதெல்லாம் கம்பெனி கொடுத்த பூஸ்டில் (டர்போ ஊதும் காற்றழுத்தம்) வரும் கணக்கு. 230 குதிரை காட்டும் கார் இதற்கும் மேலே போகும். நான்கு சக்கரமும் இழுத்தால் காரின் முழு எடையும் பிடிப்புக்கு உதவும், தாங்கும் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மிட்சுபிஷிக்காரர்கள் அந்தச் செலவைச் சும்மா செய்யவில்லை.

பீடோர், தாப்பா பக்கத்து மழையைப் பற்றி இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எனக்கு மழையைவிடச் சேறுதான் தொல்லை. தெலுக் இந்தான் போகும் ரோட்டில் செம்பனைத் தோட்டத்துச் சந்திகள் வரிசையாக வரும். குலை ஏற்றிய லோரிகள் மண்சடக்கிலிருந்து ஏறும்போது டயரில் ஒட்டிய செம்மண்ணைத் தாரில் இழுத்துவிட்டுப் போகும். அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் போதும். அங்கே இடது முன்சக்கரம் சேற்றிலும் வலது முன்சக்கரம் தாரிலுமாக நின்று, பின்னால் லோரி வருவதற்குள் பெரிய ரோட்டில் ஏற வேண்டும். இந்தக் காரை மதிப்பிட எனக்கு அதைவிட நல்ல சோதனை இல்லை.

என் கியர்பாக்ஸில் ஹெலிக்கல் (சாய்ந்த பல்சக்கர) வகை எல்எஸ்டி இருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைக் குறைக்கும் டிஃப் அது. இந்தமுறை பேரிங் வரத் தாமதமானதால், கார் ஓட வேண்டுமே என்று பட்டறைக்காரர் தன்னிடமிருந்த சாதாரண கியர்பாக்ஸ் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். எல்எஸ்டி இல்லாத அந்தச் சில வாரங்கள் போதும். இஞ்சின், பூஸ்ட், டயர் எல்லாம் அதேதான். கார் மட்டும் வேறாகிவிட்டது. அந்தச் சந்திகளில் இடது சக்கரம் சேற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும், கார் நகராது. காலை இன்னும் அழுத்தினால் இன்னும் வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான்.

காரணம் எளிது. சாதாரண டிஃப் இரண்டு பக்கமும் ஒரே அளவு டார்க்கைத்தான் கொடுக்கும். சேற்றில் இருக்கும் சக்கரம் 100 பங்கு தாங்கினால், தாரில் நன்றாகப் பிடித்து நிற்கும் சக்கரத்துக்கும் 100 தான், மொத்தம் 200. ஹெலிக்கல் டிஃபில் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று நெருக்கி, பிடிப்புள்ள பக்கத்துக்குக் கூடுதலாகத் தள்ளும். அதன் விகிதம் 2.5 என்றால் அந்தப் பக்கம் 250, மொத்தம் 350. இஞ்சினில் ஒரு குதிரைகூடக் கூட்டாமல் கார் முன்னைவிட முக்கால் மடங்கு அதிகமாக இழுக்கிறது! என் கியர்பாக்ஸ் திரும்பி வந்த அன்றைக்கு அதே சந்தியில் மழையோடு ஏறினேன். இடது டயர் லேசாக நழுவியது, வலது பிடித்தது, கார் நேராக ஏறி ரோட்டைப் பிடித்துக்கொண்டது. இந்தக் காருக்காகச் செலவழித்த பணத்தில் எனக்கு முழு மனநிறைவு கொடுத்தது இந்த டிஃப் ஒன்றுதான்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒரு சக்கரம் தரையை விட்டே எழும்பிவிட்டால், சுழியத்தை 2.5 ஆல் பெருக்கினாலும் சுழியம்தான். மேடு பள்ளமான தோட்டத்து ரோட்டில் அது நடக்கும். பிளேட் வகை எல்எஸ்டிக்கு அந்தக் குறை இல்லை, ஆனால் பிளேட் தேயும், தனி எண்ணெய் கேட்கும், மெதுவாகத் திருப்பும்போது கடகடக்கும். தினமும் ஓட்டும் காருக்கு ஹெலிக்கல்தான் என் தேர்வு.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். ஸ்டியரிங்! பூஸ்ட் ஏறும்போது ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கிறது. லோரிகள் ஓடி ஓடி இரண்டு கோடாகக் குழிந்த ரோட்டில் மூன்றாம் கியரில் காலை வைத்தால், கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி முன்பக்கம் இடமும் வலமும் துள்ளுகிறது. இத்தனை ஆண்டுகளில் இதை முழுதாகத் தீர்த்தவர் யாருமில்லை. இஞ்சின் குறுக்காக இருப்பதால் இடது வலது டிரைவ்ஷாப்ட்கள் ஒரே நீளமில்லை. நீளம் மாறினால் கோணம் மாறும், கோணம் மாறினால் இரண்டு பக்கமும் இழுப்பு ஒன்றாக வராது. அதோடு, நான் இவ்வளவு புகழ்ந்த அந்த டிஃபே இதைக் கூட்டுகிறது. பிடிப்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் டார்க் மாறிக்கொண்டே இருக்கும்போது அது ஸ்டியரிங்கில் தெரியாமல் இருக்குமா?

முன்பு இந்தக் காரைக் கட்டிய பட்டறை அழகுக்காகக் காரைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தது. அதில் ஷாப்ட் கோணம் இன்னும் கெட்டது, ஆப்சர்பருக்கு வேலை செய்ய இடமே இல்லை. நான் 25 மில்லிமீட்டர் ஏற்றினேன். கீழ் ஆர்ம் புஷ்களையும் இஞ்சின் மவுண்டிங்குகளையும் கெட்டியானதாக மாற்றினேன். இழுப்பு குறைந்தது, போகவில்லை. கெட்டி மவுண்டிங்கால் சிவப்பு விளக்கில் நிற்கும்போது டேஷ்போர்டு முழுவதும் அதிர்கிறது. அம்மா முன்சீட்டில் உட்கார மறுக்கிறார். ஆனால் மவுண்டிங்கை மீண்டும் மென்மையாக்க மாட்டேன். டயர் நழுவிப் பிடித்து நழுவிப் பிடித்துக் குதிக்கும்போது இஞ்சினும் சேர்ந்து ஆடினால் டிரைவ்ஷாப்ட் உடைவது அப்போதுதான்.

அந்தப் பட்டறைமேல் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. காரைக் கேட்டுப் போனபோதெல்லாம் அங்கே ஒரே பேச்சு: இன்னும் 30 குதிரை ஏற்றலாம், பெரிய டர்போ போடலாம். இரண்டாம் கியரில் ஏற்கெனவே சுற்றும் டயருக்கு இன்னும் 30 குதிரை எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. டைனோவில் கார் உருளைமேல் கட்டப்பட்டு நிற்கிறது. அங்கே மழையும் இல்லை, சேறும் இல்லை. அந்த எண்ணைக் காட்டிக் கார் விற்பது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

எனக்கு உதவியது அதற்கு எதிரான வேலை. இப்போதைய பட்டறையில் தனி இசியு (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வைத்து, இஞ்சின் சுற்றையும் வேகத்தையும் ஒப்பிட்டு எந்தக் கியர் என்று அதுவே கண்டுபிடிக்கும்படி செய்தோம். முதல் இரண்டு கியரில் பூஸ்ட் அரை பார். மூன்றாம் கியரிலிருந்துதான் 0.9. இதைச் செய்ய விரும்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வேஸ்ட்கேட் (டர்போவுக்குப் போகும் புகையைத் திருப்பிவிட்டுப் பூஸ்ட்டை அடக்கும் கதவு) ஸ்பிரிங் எவ்வளவு அழுத்தத்துக்கோ அதற்குக் கீழே எந்தக் கண்ட்ரோலராலும் பூஸ்ட்டைக் குறைக்க முடியாது. அதனால் முதலில் மென்மையான ஸ்பிரிங் போட வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். சக்தியைக் குறைத்த பிறகு கார் சந்தியிலிருந்து முன்னைவிட வேகமாகக் கிளம்புகிறது. சுற்றும் டயரைவிடச் சுற்றாத டயருக்குப் பிடிப்பு அதிகம் என்பதால் இதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

டயர் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம். செமி ஸ்லிக் இந்த ஊரில் தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம். காய்ந்த ரோட்டில் அற்புதம்தான். ஆனால் பள்ளம் குறைந்த டயர் தேங்கிய தண்ணீரை வெட்டித் தள்ளாது, முன்பக்கம் மிதக்கத் தொடங்கினால் டிஃபும் இசியுவும் ஒன்றும் செய்ய முடியாது. மழைக்கு நல்ல பள்ளமுள்ள சாதாரண ஸ்போர்ட் டயர், அதுவும் 1.6 மில்லிமீட்டர் சட்ட எல்லைவரை காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றுவது.

தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் பழைய ரோட்டில் இந்தக் கார் முழுமையாக இருக்கிறது. சித்தி வீடு ரிங்லெட்டில் இருப்பதால் அடிக்கடி போவேன். லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டிய வளைவுகளில், அளவான வேகத்தில், மெதுவாகக் கால் கொடுத்தாலே டிஃப் வெளிச்சக்கரத்துக்குக் கூடுதலாகக் கொடுத்து மூக்கை வளைவுக்குள் இழுக்கிறது. பின்னால் தடித்த ஆன்டிரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) போட்டிருப்பதால் உள்பக்க முன்சக்கரமும் லேசாகிவிடாமல் தரையை அழுத்துகிறது. முன்சக்கர இழுவைக் காரில் இதைவிட நல்ல உணர்வை நான் அறிந்ததில்லை. செப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் நாளுக்கும் கொண்டுபோனேன். 5.543 கிலோமீட்டர், நீண்ட நேர்க்கோடுகள், சூடான காய்ந்த தார். அங்கே 0.9 பூஸ்ட்டுக்கு முழு வேலை உண்டு. ஆனால் நான் வாழ்வது செப்பாங்கில் இல்லை.

ஆகவே தம்பி, வாங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். டிஃப் அருமை, இஞ்சின் அருமை, மலை ரோட்டில் கார் அருமை. தினமும் வேலைக்குப் போய்வரும் ரோட்டில் கை வலிக்கிறது, கியர்பாக்ஸைப் பிரித்த பில் இன்னும் என் மேசையில் கிடக்கிறது. உன் பணத்துக்கு ஒரு நல்ல புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ தேடு. டர்போ இல்லாத 1.8, சுமார் 140 குதிரை, லோட்டஸ் சரிசெய்த சஸ்பென்ஷன். கிடைப்பது கஷ்டம், காத்திரு. என்னுடையதைக் கேட்காதே, அது விற்பனைக்கு இல்லை.

இதற்கும் மேல் அந்த 230 குதிரைக் கார்தான் வேண்டும் என்றால், டைனோ தாளை ஓரமாக வைத்துவிட்டு எல்எஸ்டி வாங்கிய பில்லைக் கேள். ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைச் சுற்றி, மற்றது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தால் போதும் என்பார்கள். ஹெலிக்கல் டிஃப் அந்தச் சோதனையில் பெரும்பாலும் சாதாரண டிஃப் போலவே சுற்றும், அதை நம்பாதே. மழை பெய்து முடிந்ததும் தோட்டத்துச் சந்தி ஒன்றுக்குக் காரைக் கொண்டுவரச் சொல், நானும் வருகிறேன்.