பிஆர் கார்டைப் புதுப்பிப்பதா, நேராகக் குடியுரிமைக்குப் போவதா?

கனடாவுக்கு வந்து ஐந்தாவது வருடம் தொடங்கியதும் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். "கார்டு முடியப் போகுது. இன்னொரு தடவை எடுக்கவா, இல்ல சிட்டிசன்ஷிப்பே போட்டுடலாமா?"

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். பிஆர் கார்டு என்பது நீங்கள் கனடாவின் நிரந்தரவாசி (பிஆர்) என்று காட்டும் அட்டை. அதில் இருக்கும் தேதி கார்டுக்கான தேதி. அது கடந்துவிட்டால் நீங்கள் நிரந்தரவாசி இல்லை என்று ஆகிவிடாது. வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அப்படியே நடக்கும். கார்டு இல்லாமல் சிக்கல் வருவது வெளிநாட்டிலிருந்து திரும்பி விமானம் ஏறும் இடத்தில்தான். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு வழிக்கும் அடிப்படை நாள் கணக்குதான். கார்டைப் புதுப்பிக்க, கடைசி 5 வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். குடியுரிமைக்கு அதே 5 வருடத்தில் 1,095 நாள். படிக்கவோ வேலைக்கோ வந்து, பிறகு பிஆர் வாங்கியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: பிஆருக்கு முந்தைய நாட்கள் ஒவ்வொன்றும் அரை நாளாகச் சேரும், அதிகபட்சம் 365 நாள் வரை. குடியுரிமைக் கணக்கில் மட்டும்தான் இது. பலர் இதை விட்டுவிட்டு, தகுதி வந்த பிறகும் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செலவில் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம். கார்டுக்கு 50 டாலர். பெரியவர் ஒருவரின் குடியுரிமைக்கு, உரிமைக் கட்டணமும் சேர்த்து 600 டாலருக்கு மேல். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 100. அதோடு 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் மொழித் தகுதியைக் காட்ட வேண்டும், 20 கேள்வித் தேர்வில் 15 சரியாக எழுத வேண்டும். 55 வயது ஆகிவிட்டால் இரண்டும் கிடையாது. இங்கே இருக்கும் நம் அம்மா அப்பாக்களுக்கு இது பெரிய நிம்மதி, ஆனால் அவர்களிடம் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

1,095 நாள் இருந்து, இங்கேயே வாழ்வதாக முடிவும் இருந்தால் குடியுரிமைக்குப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். கார்டு இருக்கும்வரை 5 வருடத்துக்கு ஒருமுறை நாள் எண்ண வேண்டும். ஊரில் அப்பா படுத்துவிட்டால்கூட, எத்தனை மாதம் போய் உட்காரலாம் என்ற கணக்கு மனசை அரிக்கும். குடியுரிமை வாங்கிவிட்டால் அந்தக் கணக்கே இல்லை. ஆனால் அந்த விண்ணப்பம் முடிய எத்தனை மாதம் ஆகும் என்று கையடித்துச் சொல்ல முடியாது. அதற்கு நடுவில் பயணம் இருந்து, கார்டும் முடிகிறது என்றால், அந்த 50 டாலரைப் பார்க்காமல் இரண்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். ஒன்று போட்டால் மற்றொன்று போடக் கூடாது என்று சிலர் சொல்வது தவறு.

இன்னொன்று. ஆன்லைனில் குடியுரிமை உறுதிமொழி எடுத்தால், பிஆர் கார்டைக் கேமரா முன்னால் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டச் சொல்வார்கள். என் மனைவி வெட்டியபோது பக்கத்தில் இருந்தேன். கெட்டி பிளாஸ்டிக், இரண்டாவது முறைதான் துண்டானது. அந்த நிமிடத்திலிருந்து கையில் கார்டும் இல்லை, கனடிய பாஸ்போர்ட்டும் வரவில்லை. அதனால் உறுதிமொழி நாளை ஒட்டி ஊருக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

இந்தியர்களுக்கு இதில் ஒரு பெரிய விலை இருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. உறுதிமொழி எடுத்த கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வாங்க வேண்டும். ஓட்டுரிமை போகும். "வயல் வாங்க முடியாமப் போயிடுமே" என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனும் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. அந்தக் காரணத்துக்காக மட்டும் கார்டோடு நிற்பதில் பயனில்லை. இலங்கைக்காரர்களுக்கு இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது, அதனால் அவர்கள் முடிவெடுப்பது கொஞ்சம் எளிது.

730 நாளே தேறாதவர்கள் என்ன செய்வது? அவசரப்பட்டு விண்ணப்பிக்காதீர்கள். புதுப்பிக்கக் கொடுக்கும்போது நாள் கணக்கை அதிகாரி தோண்டிப் பார்ப்பார். குறைந்தால் நிரந்தரவாசத்தையே கேள்வி கேட்கும் நடவடிக்கை தொடங்கலாம். நீங்கள் கனடாவுக்குள் இருந்தால், முடிந்த கார்டோடு பேசாமல் இங்கேயே இருந்து, நாள் நிறைந்த பிறகு விண்ணப்பிப்பது பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதுவரை நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பதுதான் கஷ்டம்.

கார்டு முடிந்து வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இரண்டு வழி. என் அம்மாவுக்கு நடந்தது இதுதான். கும்பகோணத்தில் மாமா வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டு சென்னையில் விமானம் ஏறப் போனார். கவுன்டரில் இருந்த பெண் கார்டை வாங்கி, தேதி மேல் விரலை வைத்துக் காட்டினாராம். முடிந்து 9 நாள். பெட்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தார். தேதியைப் பார்க்காமல் அனுப்பிய தப்பு என்னுடையது.

ஒரு வழி, அங்கிருந்தே பிஆர் பயண ஆவணம் வாங்குவது. கட்டணம் 50 டாலர். பாஸ்போர்ட்டைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், இங்கேயும் 730 நாள் பார்ப்பார்கள். மறுத்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இன்னொரு வழி, அமெரிக்காவுக்குப் பறந்து வந்து, தனியார் காரில் தரை எல்லையைக் கடப்பது. நீங்கள் நிரந்தரவாசிதான் என்று எல்லை அதிகாரிக்குக் காட்ட முடிந்தால் உள்ளே விட வேண்டும். முடிந்த கார்டையும் பிஆர் கிடைத்தபோது தந்த பழைய உறுதித் தாளையும் கையில் வைத்திருங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தால் இது நடக்காது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவும் வேண்டும். விசா ஏற்கெனவே இருந்து, நாள் கணக்கும் சுத்தமாக இருந்தால் இது விரைவான வழி. அம்மாவிடம் விசா இல்லை, அதனால் பயண ஆவணத்துக்கே போனோம். நல்ல வேளை, நாள் நிறைய இருந்தது.

திரும்பி வந்த வாரமே புதுக் கார்டுக்குப் போட்டுவிட்டோம். கார்டு முடிய 9 மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. புதுக் கார்டு கனடா முகவரிக்குத்தான் வரும், வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். தொலைந்த கார்டுக்கும் இதே 50 டாலர்தான்.

அம்மாவுக்கு 68 வயது. தேர்வு இல்லை, மொழி கேட்க மாட்டார்கள், குடியுரிமைக்குப் போடலாமே என்று கேட்டேன். "ஓட்டு போடறதை விட்டுட்டு எனக்கு எதுக்குடா அது" என்றார். அவருக்குக் கார்டுதான் சரி. அடுத்த கார்டு முடிவதற்கு 9 மாதம் முன்னால் ஒரு நாளைக் குறித்து, என் போனிலும் தங்கை போனிலும் அலாரம் வைத்திருக்கிறோம்.