2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர்: அரைப்பதைப் பார்த்து வாங்காதீர்கள், கழுவுவதைப் பார்த்து வாங்குங்கள்

வேலைக்குப் போகிறவர்கள் இருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர், கூடவே ஒரு பாட்டியோ தாத்தாவோ. இப்படியொரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அரைக்கிற மாவுதான் வியாழன்வரை காலை நேரத்தைக் காப்பாற்றுகிறது. ஏழேகாலுக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும், ஒருத்திக்கு ரிப்பன் கிடைக்காது, இன்னொருவன் டைரியில் கையெழுத்து வாங்க மறந்திருப்பான். அந்தக் களேபரத்தில் இட்லித் தட்டில் மாவை ஊற்றி அடுப்பில் வைத்தால் போதும் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் அந்த நிம்மதிக்காக வாங்கிய கிரைண்டர் சில மாதங்களிலேயே துணி போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. அரைக்காமல் போனதால் அல்ல. கழுவ ஆள் இல்லாததால்.

கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955-ல் மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைக் கொண்டுவந்ததிலிருந்து அடிப்படைத் தத்துவம் மாறவில்லை: கல்லின்மேல் கல், நிதானமான சுற்று, சூடேறாத மாவு. முன்பு ஆட்டுக்கல்லில் குழவியை நாம் சுற்றினோம். இதில் டிரம் சுற்றுகிறது, குழவிக்கல் இருந்த இடத்திலேயே உருள்கிறது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கிய பிறகு டேபிள்டாப் வகை ரேஷன் கார்டு உள்ள ஏராளமான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று கடையில் இருக்கும் 2 லிட்டர் மாடல்களில் பெரும்பாலானவற்றில் 150 வாட் மோட்டார்தான். எனவே "பவர்ஃபுல் மோட்டார்" என்று விற்பனையாளர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வேறு விஷயங்களைப் பாருங்கள்.

முதலில், 2 லிட்டர் என்றால் எவ்வளவு? இட்லி அரிசி 800 கிராம், முழு உளுந்து 200 கிராம், வெந்தயம் ஒரு டீஸ்பூன். ஒரே வேளையில் அரைக்க இதுதான் சரியான உச்சம். ஏறக்குறைய இரண்டரை கிலோ மாவு கிடைக்கும். சுமாரான அளவில் 50 இட்லி வார்க்கலாம். ஐந்து பேர் வீட்டுக்கு இரண்டு காலை, ஓர் இரவு தோசை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு 1.25 லிட்டர் போதும். "இருக்கட்டுமே" என்று 3 லிட்டர் வாங்கினால் வேறு தொல்லை: 100 கிராம் உளுந்தைப் போட்டால் மாவு சுவரில் அப்பிக்கொண்டு நிற்கும், கல்லோடு கல் உரசி வெறுமனே ஓடும்.

இனி அரைக்கும் விதம். உளுந்தை முதலில் போட வேண்டும். அரிசி அரைத்ததும் கல் லேசாகச் சூடேறியிருக்கும், அந்தச் சூடு உளுந்துக்கு ஆகாது. அதோடு, உளுந்து ஒட்டியிருக்கும் டிரம்மை அடுத்து விழும் அரிசியே வழித்துவிடும். நடுவில் கழுவ வேண்டியதில்லை. உளுந்தையும் வெந்தயத்தையும் நாலு மணி நேரம் ஃபிரிட்ஜிலேயே ஊறவைத்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரையே அரைக்க எடுத்துக்கொண்டால் பொங்குதல் நன்றாக வரும். டிரம்மை ஓடவிட்ட பிறகே போடுங்கள், மூன்று தவணையாக. 200 கிராம் உளுந்துக்கு 400 முதல் 450 மில்லி தண்ணீர் பிடிக்கும். முதலில் அரை டம்ளர், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தெளிப்பது.

பதினைந்தாவது நிமிடத்தில் மாவு வழவழப்பாகி, "போதும், எடுத்துவிடலாம்" என்று தோன்றும். எடுக்காதீர்கள். அதற்குப் பிறகுதான் வேடிக்கையே. கரகர சத்தம் அடங்கிவிடும், மாவு மெல்ல டிரம் சுவரில் ஏறும், வைப்பர் அதை வழித்து உள்ளே தள்ளும், கல் உருளும் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் உடைந்துகொண்டே இருக்கும். 25 முதல் 30 நிமிடத்தில் பாதி டிரம்முக்கு மேல் வந்து நிற்கும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டால் மிதக்க வேண்டும். அரை மணி நேரம் ஓடியும் பொங்கவில்லையென்றால் பெரும்பாலும் உளுந்துதான் பழசு. கிரைண்டரைத் திட்டிப் பயனில்லை.

அரிசிக்கு இவ்வளவு கவனம் வேண்டாம். ஆனால் மொத்தமாகக் கொட்டினால் கல் அப்படியே பிடித்துக்கொள்ளும், பெல்ட் வழுக்கும். அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, நாலு தவணையாகப் போடுங்கள். மொத்தத் தண்ணீர் 500 முதல் 600 மில்லி. இட்லிக்கு 20 நிமிடத்தில், விரலில் தொட்டால் நைஸ் ரவை மாதிரி இருக்கும்போதே நிறுத்திவிடலாம். தோசைக்கு மட்டும் என்றால் இன்னும் ஐந்து நிமிடம். மொத்தம் முக்கால் மணி நேரம் ஓடினாலும் மின்சாரம் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கைத்தான் கொஞ்சம் தாண்டும். டைமர் உள்ள மாடல் வாங்கலாமா என்றால், உளுந்துக்கு அதனால் பலன் இல்லை, பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்தே ஆக வேண்டும். அரிசிக்கு உதவும்: டைமரை வைத்துவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போகலாம்.

இப்போது கழுவுதல். கிரைண்டரின் தரம் உண்மையில் தெரிவது இங்கேதான்.

சாய்க்கும் வகை, அதாவது டில்டிங், மாவை எடுக்க அருமை. பாத்திரத்தை நீட்டிக் கைப்பிடியைச் சாய்த்தால் வேலை முடிந்தது. ஆனால் பல மாடல்களில் டிரம்மைத் தனியாகக் கழற்ற முடியாது, கழற்ற முடிந்தாலும் கனம் அதிகம். சொம்பால் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, பேசினில் சாய்த்து, மறுபடி ஊற்றி, மறுபடி சாய்க்க வேண்டும். தண்ணீர் வெளியேற வழியுள்ள பின்கட்டு இருந்தால் சரி. மாடி வீட்டுச் சமையலறையில் தரை முழுக்க மாவுத் தண்ணீர் ஓடும், அதில் வழுக்கி விழ ஒரு குழந்தையும் ஓடிவரும். டிரம்மைத் தூக்கி எடுக்கிற சாதாரண டேபிள்டாப்பில் மாவைக் கையால் வழிக்க வேண்டும், ஆனால் டிரம் நேராகக் குழாயடிக்குப் போய்விடும். அடுக்குமாடி வீட்டுக்கு இதுதான் சரி என்பது என் முடிவு.

குழவிக் கல் இரண்டா, மூன்றா, நாலா என்ற கேள்விக்கும் இதே கண்ணோடு பாருங்கள். கல் கூடக்கூட அரைக்கும் நேரம் கொஞ்சம் குறையலாம். ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் அச்சு, அந்த அச்சைத் தாங்கும் வளையமான ஒரு புஷ், மாவு ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கு. இரண்டு கூம்புக்கல் உள்ள வகையில் கழுவ வேண்டிய மூலைகள் குறைவு. கடையிலேயே டிரம்மை எடுத்து, கல்லைக் கழற்றி, திரும்ப மாட்டச் சொல்லுங்கள். விற்பனையாளரே தடுமாறினால் அடுத்த மாடலுக்கு நகர்ந்துவிடலாம்.

கழுவ ஒரு சுலப வழி உண்டு. அரிசி மாவை வழித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். கல்லில் ஒட்டியதில் பெரும்பகுதி கரைந்து வந்துவிடும்; அந்தத் தண்ணீரைத் தோசைக்கான மாவில் சேர்த்துக்கொள்ளலாம். மிச்சத்தை உடனே பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். "சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம்" என்று விட்டால் மாவு சிமெண்ட்டாகிவிடும், பத்து நிமிட வேலை அரை மணி நேரமாகும். வைப்பரின் பின்பக்கமும் நடுத்தண்டைச் சுற்றிய வளையமும் எல்லோரும் மறக்கிற இடங்கள். டிரம்மைக் கவிழ்த்து நன்றாகக் காயவைத்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் இரண்டு நாளில் புளித்த வாடை, அதைத் தேடிக் கரப்பான்.

புதுக் கல்லாக இருந்தால் முதல் மாவைச் சாப்பிட வேண்டாம். ஊறவைத்த அரிசி இரண்டு கைப்பிடி போட்டு அரைத்துக் கொட்டுங்கள். கல் தூளின் சாம்பல் நிறம் மறையும்வரை இரண்டு மூன்று முறை இதைச் செய்ய வேண்டும்.

கெடுவது எங்கே? அடிக்கடி வரும் புகார், சுவிட்ச் போட்டால் "உம்ம்" என்று முனகும், சுற்றாது. மூன்று காரணங்கள்: உள்ளே பளு அதிகம், வோல்டேஜ் குறைவு, அல்லது மோட்டாரைச் சுற்றத் தொடங்கவைக்கும் கப்பாசிட்டர் போய்விட்டது. முதலிரண்டும் இல்லையென்றால் கப்பாசிட்டரை மாற்றச் சில நூறு ரூபாய்தான். மோட்டாரே போய்விட்டது என்று யாராவது சொன்னால் இன்னோர் இடத்தில் காட்டுங்கள். மோட்டார் ஓடுகிறது, டிரம் நிற்கிறது, ரப்பர் கருகும் வாடை வருகிறது என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. கல் தடதடவென்று ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. மாவில் கறுப்பாகக் கசிவு தெரிந்தால் ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள்: நடுத்தண்டின் சீல் போய் கிரீஸ் இறங்குகிறது, அந்த மாவு வேண்டாம். நடுத்தண்டு மூழ்கும் அளவுக்கு மாவை நிரப்புகிறவர்களுக்கும் அடிப்பாகத்தைக் குழாயில் காட்டிக் கழுவுகிறவர்களுக்கும் இது சீக்கிரமே வரும்.

அரைக்கும்போது கரண்ட் போனால் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அரிசி அடியில் படிந்து கல்லைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் அப்படியே போட்டால் மோட்டார் திணறும். பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கையால் டிரம்மை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும், ஆனால் சதுர அலை (ஸ்கொயர் வேவ்) இன்வெர்ட்டர் என்றால் மோட்டார் இரைந்து சூடாகும். அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை. மிக்சி போடும் சத்தத்துக்குக் குழந்தை பயந்து ஓடும். கிரைண்டர் மெதுவாகச் சுற்றுவதால் பக்கத்தில் வரும். கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவே விரல் போனால் அந்த மெதுவான சுற்றே போதும் நசுக்க. பெரியவர்களும் ஓடும்போது கையால் வழிக்கக் கூடாது, நீளக் கரண்டியால் தள்ளுங்கள். துப்பட்டா, முந்தானை, தொங்கும் பின்னல் எல்லாவற்றையும் முடிந்துகொள்ள வேண்டும். மூடி நன்றாகப் பொருந்தி நிற்கிற மாடலாக எடுங்கள். பிள்ளைகளுக்கு ஆசையாக இருந்தால் வேலை இருக்கிறது: மாவில் உப்பைப் போட்டுக் கையால் கலக்குவது. கை சுத்தமாக இருந்தால் சரி, முழங்கைவரை மாவு ஆனாலும் பாதகமில்லை.

கலந்த மாவு இரட்டிப்பாகப் பொங்கும், ஐந்து லிட்டர் பாத்திரம் வேண்டும். முழுவதையும் புளிக்கவைக்காமல் பாதியை அரைத்த கையோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, செவ்வாய் இரவு வெளியே எடுத்து வையுங்கள். புதன் காலையிலும் புது மாவாக இருக்கும், வியாழக்கிழமை ஊத்தப்பத்துக்கு "ஒரே புளிப்பு" என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கூடவே வரும் இணைப்புகளில் சப்பாத்தி மாவு பிசையும் பிளேடு பயன்படும். அரை கிலோ மாவை ஐந்தாறு நிமிடத்தில் பிசைந்துவிடும். தேங்காய்த் துருவிக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன். டிரம்மை எடுத்து, துருவியை மாட்டி, ஒரு மூடித் தேங்காயைத் துருவி, திரும்பக் கழற்றிக் கழுவுகிற நேரத்தில் அரிவாள்மணையில் இரண்டு மூடி துருவலாம். சட்னியை இதில் அரைக்கவே வேண்டாம், மிளகாய்க் காரம் கல்லில் ஏறினால் அடுத்த இட்லிவரை கூட வரும். (வெளிநாடுகளில் கோகோ கொட்டை வாங்கிச் சிறிய அளவில் சாக்லெட் செய்பவர்கள் பலர் நம் ஊர்க் கிரைண்டரின் மாற்றிய வடிவத்தில்தான் அரைக்கிறார்கள். அது மணிக்கணக்கில் ஓடுவதற்கென்றே செய்தது. வீட்டு மாடலில் முயன்று பார்க்க வேண்டாம்.)

விலை மாடலைப் பொறுத்துச் சுமார் ரூ.4,000 முதல் 8,000 வரை. பெட்டியில் மோட்டாருக்கான உத்தரவாதம் கொட்டை எழுத்தில் இருக்கும். பெல்ட், வைப்பர், புஷ் பெரும்பாலும் அதில் சேராது. உண்மையில் அடிக்கடி மாற்ற வேண்டியவை அவைதான். எனவே பணம் கட்டும் முன், அந்த மாடலின் வைப்பரும் பெல்ட்டும் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள்.

காசு மிச்சமாகும் என்று மட்டும் வாங்குவதானால் யோசியுங்கள். ஒரு வாரத்து மாவுக்கு அரிசி, உளுந்து சேர்த்து எழுபது எண்பது ரூபாய் ஆகும். அதே அளவுக்குக் கடை மாவு இரண்டு மூன்று பாக்கெட் வேண்டும். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் கிரைண்டர் விலையை ஈடுகட்ட ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு வேளை மட்டும் இட்லி சுடும் வீட்டுக்குத் தெருமுனைக் கடை மாவே போதும். வாரத்தில் மூன்று நாலு வேளை மாவு செலவாகிற வீடு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிற வீடு, பத்துப் பன்னிரண்டு கிலோ எடையை நிரந்தரமாக ஒரே இடத்தில் வைக்க மேடை உள்ள வீடு என்றால் தயங்காமல் வாங்கலாம். பரணில் ஏற்றி இறக்கித்தான் அரைக்க வேண்டும் என்றால் முதலில் அந்த இடத்தைத் தயார் செய்துகொண்டு கடைக்குப் போங்கள்.