ஐந்து நட்சத்திரமும் கொஞ்சம் தாட்சண்யமும்

பக்கத்துக் கடை, பழுதுபார்க்கும் பட்டறை, பல் மருத்துவர், தங்கும் விடுதி என எதைத் தேடினாலும் இணையத்தில் வாடிக்கையாளர்கள் எழுதிய மதிப்புரைகளைப் பார்த்துவிட்டே முடிவெடுப்பது பல ஆண்டுகளாக என் வழக்கமாகிவிட்டது. பிற சேவைகளுக்கு மதிப்பெண் போடும் இந்த ஏற்பாடும் ஒரு சேவைதான் என்பதால், அதற்கும் ஒருமுறை மதிப்பெண் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. என் அனுபவத்தில் அங்குள்ள எழுத்தைப் பெரும்பாலும் நம்பலாம். மேலே மின்னும் நட்சத்திரச் சராசரியை நம்பி எதையும் தீர்மானிக்க முடியாது.

போலிகள் இருக்கின்றன என்பது எல்லோரும் அறிந்ததே. 2017-இல் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர், தாம் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையை ஓர் உணவகம் என்று டிரிப்அட்வைசர் தளத்தில் பதிவு செய்து, நண்பர்களைக் கொண்டு மதிப்புரைகள் எழுத வைத்தார். ஒருவருக்கும் ஒரு தட்டு உணவுகூடப் பரிமாறாத அந்த இடம் சில மாதங்களில் லண்டன் உணவகங்களின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அது விளையாட்டு. ஆனால் 2013-இல் நியூயார்க் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம், போலி மதிப்புரைகளுக்காக 19 நிறுவனங்களைப் பிடித்து அபராதம் கட்ட வைத்தபோது, காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்து எழுதுவது ஒரு தொழிலாகவே நடந்துவந்தது வெளிச்சத்துக்கு வந்தது.

சிறிய வணிகருக்கு இந்த ஆசை ஏன் வருகிறது என்பதற்கு ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா செய்த ஆய்வில் விடை இருக்கிறது. எல்ப் என்ற மதிப்புரைத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் உணவகத்தின் வருமானம் 5 முதல் 9 விழுக்காடு வரை உயர்கிறது என்று கண்ட அவர், இந்த உயர்வு தனித்து நடக்கும் உணவகங்களுக்கே கிடைக்கிறது, ஊர்தோறும் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இல்லை என்றும் காட்டினார். பெரிய நிறுவனத்தை அதன் பெயரே அறிமுகப்படுத்திவிடுகிறது. பெயர் தெரியாத சிறு கடைக்கு அந்த நட்சத்திரங்களை விட்டால் வேறு சாட்சி இல்லை. யார் எழுதலாம் என்பதும் முக்கியம். 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அறை பதிவு செய்து தங்கியவர் மட்டுமே எழுதக்கூடிய எக்ஸ்பீடியாவையும், எவரும் எழுதக்கூடிய டிரிப்அட்வைசரையும் ஒப்பிட்டது. அருகில் போட்டியாளர் இருக்கும் விடுதிகளுக்கு இரண்டாவது தளத்தில் வசைகள் கூடுதலாக விழுந்திருந்தன.

ஆயினும் போலிகளைவிட என்னை அதிகம் ஏமாற்றியவை உண்மையான மதிப்புரைகள்தாம். எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்த இளைஞர், வேலை முடிந்ததும் தம் கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து, "அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க சார், இல்லேன்னா ஆபீஸ்ல கேப்பாங்க" என்றார். வியர்வையைத் துடைத்தபடி எதிரே நிற்பவரிடம் நான்கு போதும் என்று எப்படிச் சொல்வது? ஐந்தே போட்டேன். பொய் சொல்லவில்லை, காசும் வாங்கவில்லை, தாட்சண்யம் மட்டுமே. இப்படி விழுந்த ஐந்துகள் எத்தனை என்று எந்தக் கணினியாலும் வடிகட்ட முடியாது. அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி போலி மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. இந்தியாவிலும் 2022-இல் இணைய மதிப்புரைகளுக்கென ஐஎஸ் 19000 என்ற தரநிலை வந்தது. எந்த விதியும் அந்த இளைஞரின் முகத்துக்கு முன்னால் எனக்குத் துணைக்கு வந்திருக்காது.

ஆகவே நான் வாசிக்கும் முறை மாறிவிட்டது. ஐந்தையும் ஒன்றையும் தள்ளிவிட்டு இரண்டு, மூன்று, நான்கு நட்சத்திரக்காரர்களிடம் முதலில் போகிறேன், ஏனெனில் புகழவோ பழிதீர்க்கவோ வந்தவர்கள் அந்த நடுப்பகுதியில் பெரும்பாலும் தங்குவதில்லை. "அருமை", "மோசம்" என்பவற்றால் எனக்குப் பயனில்லை. சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார்கள், பழைய பாகத்தைக் கேட்காமலே திருப்பித் தந்தார்கள் என்பன போன்ற விவரங்களே போய்வந்தவரின் எழுத்து என்று காட்டிக்கொடுக்கின்றன. ஒரே வாரத்தில் குவிந்த பாராட்டுகளைக் கண்டால் சற்று ஒதுங்குகிறேன். குறை சொன்னவருக்கு உரிமையாளர் எழுதிய பதிலை மட்டும் ஒருபோதும் விடுவதில்லை. சண்டைக்கு வருகிறாரா, சரிசெய்து தருகிறாரா என்பதை அவரே தம் கையால் எழுதி வைத்திருப்பார்.

மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் விஷயத்தில் இந்த முறையும் கைகொடுப்பதில்லை. காத்திருக்க வைத்தாரா, முகம் கொடுத்துப் பேசினாரா என்பதை நோயாளியால் சொல்ல முடியும். நோயைச் சரியாகக் கணித்தாரா என்பது பல சமயம் அந்த நோயாளிக்கே தெரியாது.

அந்தச் சலவை இயந்திரம் இரண்டாம் நாளே மீண்டும் ஒழுகியது. அழைத்தேன், அதே இளைஞர் வந்து, கூலி வாங்காமல் குழாயை மாற்றிக் கொடுத்தார். அன்றிரவு என் மதிப்புரையைத் திறந்தேன். நட்சத்திரத்தைக் குறைக்க மனம் வரவில்லை. இயந்திரம் மறுபடி ஒழுகியதையும், அவர் திரும்ப வந்து சரிசெய்ததையும் தேதியோடு எழுதிச் சேர்த்துவிட்டேன்.