தனியாகத் தீம் பார்க் போக எது தோது?

வார நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகத் தீம் பார்க் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஏன், கூட்டாளிங்க யாரும் வரலையா?"

எல்லாருக்கும் முதலில் வருவது இந்தக் கூச்சம்தான். உள்ளே போய் அரை மணி நேரத்தில் போய்விடும். வரிசையில் முன்னால் நிற்கும் குடும்பம் பிள்ளையின் வாயில் வழியும் ஐஸ்கிரீமைத் துடைப்பதில் மும்முரமாக இருக்கும்; நம்மை யார் பார்க்கிறார்கள்? போகாமல் கூடவே வரும் தொல்லைகள் மூன்று. பையை யாரிடம் கொடுப்பது, அலுத்துப் போனால் எவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பலாம், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது. கோலாலம்பூரிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடிய மூன்று இடங்களை இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

முதல் தடவை என்றால் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர்தான். இம்பி மோனோரயில் நிலையத்தில் இறங்கினால் பேரங்காடிக்குள் நுழைந்துவிடலாம்; பூங்கா முழுவதும் கூரைக்கு அடியில். கோலாலம்பூரின் மத்தியான இடி மழை நம்மை ஒன்றும் செய்யாது. பிடிக்கவில்லையா, மின்படியில் கீழே இறங்கி எங்காவது ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வீடு போகலாம். இந்த 'எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம்' என்ற நினைப்பே பாதி தைரியம்.

அங்கே சூப்பர்சோனிக் ஒடிசி என்ற ரோலர் கோஸ்டரில்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. பணியாளர் "பெராப்பா ஓராங்?" (எத்தனை பேர்?) என்று கேட்க, ஒரு விரலைக் காட்டினேன். எனக்கு முன்னால் ஐந்து மாணவர்கள். இரண்டிரண்டாக உட்கார்ந்ததில் ஒருவன் மிச்சம். அவன் பக்கத்தில் என்னை ஏற்றிவிட்டார். ஒற்றைப்படையில் வரும் கூட்டம் எல்லாம் தனியாளுக்கு ஓர் இடத்தை விட்டுவைத்துத்தான் வருகிறது. வண்டி கடகடவென்று மேலே ஏறும்போது பையன் திரும்பி, "அக்கா, பயமா இருக்கா?" என்றான். கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்கள்தான் வெளுத்திருந்தன.

குறை? சிறிய இடம். அரை நாளில் முடிந்துவிடும்.

சன்வே லகூன் அப்படியில்லை. பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் எழுப்பிய பெரிய பூங்கா, மேலே 428 மீட்டர் நீளத் தொங்கு பாலம். எல்ஆர்டி ரயிலில் யூஎஸ்ஜே 7 நிலையம் வரை போய் பிஆர்டி பஸ் மாறினால் வாசலுக்குப் பக்கத்தில் இறங்கலாம். போக்குவரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் என்று வந்துவிட்டால் தனியாளுக்கு வேலை கூடிவிடும். கைப்பேசி, சாவி, மாற்றுடை எல்லாம் லாக்கருக்குள். சில சறுக்குகளில் பலர் சேர்ந்து உட்காரும் மிதவை. தெரியாத குடும்பத்தோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும். (எங்கே என்று சொல்லப் போவதில்லை, ஒரு நீர்ப் பூங்காவில் யாரோ என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சுடுதரையில் வெறுங்காலோடு துள்ளியபோதுதான், செருப்பைப் பார்த்துக்கொள்ளவாவது ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றியது.) சன்வேக்குக் கூட்டாளிகளோடு போவதுதான் சுகம்.

தண்ணீர்தான் வேண்டும், தனியாகத்தான் வேண்டும் என்பவர்கள் பினாங்குக்குப் பஸ் ஏறலாம். தெலுக் பஹாங்கில் இருக்கும் எஸ்கேப் பூங்காவின் 1,111 மீட்டர் சறுக்கு 2019-ல் கின்னஸ் சாதனை ஆனது. அதில் ஆளுக்கொரு மிதவை. குடும்பத்தோடு வந்தவரும் தனியாகத்தான் வழுக்கி வர வேண்டும்.

மூன்றாவது இடம், கெந்திங் மலைமேல் இருக்கும் ஸ்கைவோர்ல்ட்ஸ் பூங்கா. 2022 பிப்ரவரியில் திறந்தது. கேஎல் சென்ட்ரலிலிருந்து பஸ், அப்புறம் கேபிள் கார். கேபிள் காரில் பத்துப் பேர் வரை ஒரு பெட்டியில் உட்காரலாம். மூடுபனிக்குள் பெட்டி நுழைந்ததும் எல்லாரும் வாயடைத்துப் போவார்கள். அந்த நேரத்தில் யார் தனி, யார் ஜோடி என்றே தெரியாது. வழியில் சின் சுவீயில் இறங்கிக் கோயிலை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'பசிக்குது, போலாம்' என்று இழுக்க யாரும் இல்லை. மேலே பூங்காவுக்குள் 'உலகங்கள்' என்று ஒன்பது தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. ஒரு நாளை நிரப்பத் தாராளமாகப் போதும்.

தொல்லை இரண்டு. மழையோ மின்னலோ வந்தால் திறந்தவெளி விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். பேச்சுத் துணை இல்லாமல் குளிரில் காத்திருப்பது நீளமாகத் தெரியும். அலுத்துவிட்டது என்று உடனே வீடு திரும்பவும் முடியாது, மலை இறங்க வேண்டும். அதனால் இதை இரண்டாவது பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மூன்றில் மனதுக்குப் பிடித்தது எனக்கு இதுதான்.

அடுத்த மாதம் மறுபடியும் கெந்திங்தான். குளிராடையை எடுத்து வைப்பதைப் பார்த்த அம்மா, தானும் வருவதாகச் சொல்கிறார். தனிப் பயணம் போச்சு. பையைப் பிடிக்க ஆள் கிடைத்தது.