கொலனோஸ்கோப்பி செஞ்ச இடம் பற்றி, 5க்கு 3

அப்பாக்கு போன மாசம் திருகோணமலையில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்க கமராக் குழாய் விட்டுப் பாக்கிறது) செஞ்சம், ஆஸ்பத்திரி பேர் போட விரும்பேல்ல. டொக்டர் நல்ல மனுசன், பேதிக்கு மருந்து எப்ப குடிக்கிறது, பிரஷர் குளிசைய என்ன செய்யிறது எண்டு எல்லாம் ஆறுதலா சொன்னவர், இடமும் துப்புரவு. 3 குடுத்தது அதுக்குத்தான்.

பிரச்சினை பிறகுதான். பின்னேரம் நிலாவெளிக்கு வீட்ட வந்திட்டம், இரவு அப்பா இடது தோள் நோகுது எண்டார், நாங்களும் சரிஞ்சு படுத்திருப்பார் எண்டு சித்தாலேப பூசி விட்டம், ஆஸ்பத்திரிக்கு போன் அடிச்சா வயித்துக் காத்து, நடக்க விடுங்கோ எண்டு வச்சிட்டாங்க. காத்தாலயும் தோள் நோகும்தான், ஆனா தலைசுத்துதா, முகம் வெளிறியிருக்கா எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! விடிய எழும்பேலாம சரிஞ்சிட்டார். பெரியாஸ்பத்திரிக்கு ஓடினம், ஸ்கேன்ல மண்ணீரல் கிழிஞ்சு உள்ளுக்க ரத்தம், தோள் நொந்ததும் அதாலதானாம். பெருங்குடல் வளையிற இடத்தில மண்ணீரலோட ஒரு சவ்வு இணைஞ்சிருக்குமாம், குழாய் திரும்பேக்க அது இழுபட்டா இப்பிடி வருமாம், மிச்சம் அரிது எண்டாங்க. நல்லகாலம் ஒப்பரேஷன் இல்லாம ரத்தம் ஏத்தி, படுக்க வச்சே சுகமாக்கிட்டாங்க.

எங்களுக்குத் தந்த துண்டில "ஓய்வு எடுக்கவும்" எண்டு மட்டும்தான் இருந்தது. குடல்ல ஓட்டை விழுந்தா வயிறு கல்லு மாதிரி இறுகும், காய்ச்சல் வரும், பொலிப் (குடல் உள்சுவரில வளர்ற சின்னக் கட்டி) வெட்டினாக்களுக்கு 2 கிழமைக்குப் பிறகும் ரத்தம் போகலாம், இதுகள நாலு வரியில எழுதித் தாங்கோ, இரவில எடுக்க ஒரு டொக்டரின்ட நம்பரோட.